பதினாயிரம் கொல்லும் நட்சத்திரம்

அன்று மலைப்பனி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பின்வரிசையில் இருந்த கத்தரீனாளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. புது சாரின் குரல் மட்டும் கேட்டது.

சார் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து இந்தச் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தமிழில்தான் தொடங்குவார். பாதி வழியில் மலையாளம் வந்து முன்னால் நின்றுகொள்ளும். கத்தரீனாளின் குடும்பமும் மலைக்குப் புதுசு. கோடையில்தான் கரிசல்காட்டை விட்டு வந்தார்கள். 'இவிடெ' என்றால் இங்கே. அவளுக்குத் தெரிந்த மலையாளம் அவ்வளவுதான்.

"நட்சத்திரம் எல்லாம் நிற்கிறது மாதிரி தோணும். இல்லை, ஓடுந்நு," என்றார் சார். "அதில் ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரம் நம்மைப் பார்த்து வருந்நு. கண்ணுக்குத் தெரியாது."

கத்தரீனாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்து சார் சொன்னது அவள் காதில் இப்படி விழுந்தது: "அடுத்து வரான். பதினாயிரம் கொல்லும். வெளிச்சம் இவிடெ வரான். ஆறு கொல்லும்."

மணி அடித்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மலைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தைரியம் என்று கத்தரீனாள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி சகாயத்தைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவனுக்கு அந்த வாரம்தான் ஆறு வயது நிறைந்திருந்தது. தெரிந்திருந்தால் ஜாக்கிரதையாக இருப்பான் என்று நினைத்தாள்.

"யாரு வரான், அக்கா?"

"நட்சத்திரம்லே."

"பதினாயிரம் பேரையா கொல்லும்?"

"ஆமா. ஆறும் கொல்லுமாம். ஓடைப் பக்கம் போயிராதே."

சகாயம் ஜாக்கிரதையாகத்தான் இருந்தான். வழியில் ஓடைக்குக் குறுக்கே பாலமாகப் போட்டிருந்த பலகையைத் தாண்ட மாட்டேன் என்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பொழுது சாய்ந்தால் கம்பளிக்குள் புகுந்துகொண்டான். கஞ்சியும் இறங்கவில்லை. உடம்பு சுட ஆரம்பித்தது.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கத்தரீனாளை நிறுத்திக் கேட்டாள். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"வாத்தியாரா சொன்னாரு?"

"ஆமாம்மா."

அம்மா சகாயத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை லாரி கீழ போகுது. இவனைக் கொண்டுபோய் சித்தி வீட்டுல விட்டுட்டு வாரேன். அங்க ஆறே கிடையாது."

"நட்சத்திரம் அங்கயும் வருமேம்மா?"

"ரெண்டுல ஒண்ணாவது குறையட்டும்," என்றாள் அம்மா.

சகாயத்தின் இரண்டு சட்டைகளும் ஒரு துணி மூட்டைக்குள் போயின. அவன் அழவில்லை. அக்காவின் பாவாடை நுனியை மட்டும் விடாமல் பிடித்திருந்தான். தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று கத்தரீனாளுக்குத் தோன்றியது.

மறுநாள் சனிக்கிழமை. தம்பிக்குச் சுக்கு வாங்க பரீது காக்கா கடைக்குப் போனாள். காக்காவின் மகள் ரம்லா வாசலில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். ரம்லாவும் அவளும் ஒரே வகுப்பு. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், ஆட்டிடம் இரண்டும் பேசுவாள்.

"நல்ல ஆடு," என்று கத்தரீனாள் அதன் நெற்றியைத் தொடப் போனாள்.

"பார்க்கத்தான் பெரிசு. இவளுக்கு ரெண்டு கொல்லம்தான் ஆச்சு."

கத்தரீனாள் கையை இழுத்துக்கொண்டாள். "யாரை?"

"என்ன யாரை?"

"ரெண்டு பேரைக் கொன்னுச்சுன்னு சொன்னியே."

ரம்லா ஆட்டைப் பார்த்தாள். ஆடு தழையை மென்றுகொண்டே ரம்லாவைப் பார்த்தது. ரம்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"கொல்லம்னா வருஷம்டி. ரெண்டு வயசுன்னு சொன்னேன்."

கத்தரீனாள் சிரிக்கவில்லை. அவளுடைய உதடுகள் எதையோ சொல்லிப் பார்த்தன.

"ரம்லா, வரான்னா யாரு?"

"யாருமில்லை. வர்றதுக்குன்னு அர்த்தம்."

"அப்போ சார் சொன்னது?"

"நீயும் கேட்டுட்டுத்தானே இருந்தே? அந்த நட்சத்திரம் பக்கத்துல வர இன்னும் பத்தாயிரம் வருஷம். அதோட வெளிச்சம் இங்க வந்து சேர ஆறு வருஷம். பக்கத்துலன்னா இங்க வந்து இடிக்கிறதில்லை. அப்பவும் ரொம்பத் தூரம்தானாம். கண்ணுக்குக்கூடத் தெரியாதாம். அப்புறம் அதுபாட்டுக்குப் போயிரும்."

சுக்கை வாங்கிக்கொண்டு கத்தரீனாள் நடந்தாள். ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் கால் நின்று நின்று போனது.

பத்தாயிரம் வருஷம். சரிவு முழுக்கத் தேயிலை. அம்மா பிறப்பதற்கு முன்பே நட்டதாம். அதற்கு முன்னால் காடு. காட்டுக்கு முன்னால்? அவளுக்கு எட்டவில்லை. எதிரே பெரிய பாறை பனியில் நனைந்துகொண்டு சும்மா இருந்தது. அவ்வளவு காலத்தை எண்ணினால் அதுதான் எண்ணியிருக்கும்.

அத்தனை காலத்துக்கு அப்பால் நடக்கப்போகிறதை, ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடத்தில் சாயம்போன சட்டை போட்ட ஒரு சார் இன்றைக்கே சொல்கிறார். யாருக்கும் தெரியாமல் அந்தச் சின்னச் சிவப்பு நட்சத்திரம் இந்த நிமிஷமும் வந்துகொண்டிருக்கிறது. அவசரமில்லாமல், நிற்காமல்.

ஓடைப் பலகையின் நடுவில் வந்தபோது அவளுக்கு இன்னொன்று தோன்றியது. ஆறு வருஷம். இன்றைக்கு இங்கே வந்து சேரும் வெளிச்சம் அங்கிருந்து எப்போது கிளம்பியது? அவள் பலகையோரத்துக் கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பயத்தினால் இல்லை.

பிறகுதான் ஓடினாள்.

சகாயம் கம்பளிக்குள் இருந்தான்.

"லே, அது கொல்லாது. கொல்லம்னா வருஷம். நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். ஆறும் கொல்லாது. அது ஆறு வருஷம்." ஆட்டுக் கதையையும் சொன்னாள். கம்பளி மெல்லக் குலுங்கியது.

"அப்போ ஆடு நல்ல ஆடா?"

"ரொம்ப நல்ல ஆடு. இன்னொண்ணு கேளு. நீ பிறந்தப்போ அந்த நட்சத்திரத்துல இருந்து ஒரு வெளிச்சம் கிளம்பிச்சு. நீ தவழ்ந்தே, அது வந்துட்டிருந்துச்சு. நீ நடந்தே, அப்பவும் வந்துட்டிருந்துச்சு. நாம லாரியில மலையேறுனப்பவும் எங்கயும் நிக்கலை. இப்பத்தான் வந்து சேருது."

கம்பளிக்கு வெளியே ஒரு கண் வந்தது. "எனக்காகவா?"

கத்தரீனாள் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "எல்லாருக்கும்தான். ஆனா உன்கூடக் கிளம்பினது."

மாலையில் பனி விலகியது. தோட்டக்காரர்கள் குடியிருக்கும் லயத்தின் வரிசை வீடுகளில் விளக்கு ஏற்றினார்கள். சகாயம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆட்டுக் கதை அவள் காதுக்கும் போயிருந்தது. கஞ்சியை எடுத்து வைத்தாள்.

மேற்கே மலைக்கு மேல் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"அக்கா, அது எது?"

"எதுன்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது. இங்க எங்கயாவது இருக்கும்."

"பக்கத்துல வரும்போது நாம இருப்போமா?"

"மாட்டோம். வேற யாராவது இருப்பாங்க."

சகாயம் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு உள்ளே போய்க் கஞ்சியை முழுதாகக் குடித்தான். ஊறுகாய் கேட்டான். அம்மா ஊறுகாயை வைத்துவிட்டு, மூட்டையை அவிழ்த்துச் சட்டைகளைக் கொடியில் போட்டாள்.

கத்தரீனாள் கைகழுவ வந்தபோது அவன் மறுபடியும் வாசலில் நின்றான். வானத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என்னலே செய்யுதே?"

"அதுக்குக் கை காட்டுதேன்," என்றான் சகாயம். "போய்ச் சேர ஆறு கொல்லம் ஆகுமில்ல? இப்பவே காட்டுனாத்தான் உண்டு."