செடிக்குக் காது கிடையாது

செடிக்குக் காது கிடையாது. மனித குலம் இதுவரை கண்டடைந்த உண்மைகளில் இதுவே தலையாயது என்றும், அமீரகத்து ராஸ் அல் கைமா முழுவதிலும் அதை அறிந்த ஒரே ஆள் தான்தான் என்றும் கிருபன் நம்பினான். அதனால்தான் வியாழன் மதியம், நிழல்கூடத்து வாசலில் கிடந்த கார்மேகத்தின் நீலச் செருப்பு ஈரமாக இருந்ததை அவன் பொருட்படுத்தவில்லை. கார்மேகம் காணாமல் போய் மூன்று வாரம்.

வில்லாவின் பின்பக்கம் இருந்த அந்தக் கண்ணாடிக் கூடத்தில், மேடம் குளிர்நாட்டிலிருந்து இறக்கிய ஹோஸ்டா என்ற நிழல்செடிகள் அறுபது தொட்டி. வெளியே வேலைக்காரர்களுக்கு நாற்பத்தெட்டு டிகிரி, உள்ளே செடிகளுக்கு ஏசி. வெயில் படக்கூடாது. இலையில் தண்ணீர் விழக்கூடாது. நத்தையைக் கையால்தான் பொறுக்க வேண்டும். கிருபனுக்கு முன்பு இங்கே டூட்டி பார்த்த மதுரைக்காரர் கார்மேகம், தினமும் கதவருகே திரும்பி நின்று செடிகளிடம் "போயிட்டு வரேன்" என்றும் சொல்வாராம். டிரைவர் ஹசன் அலி இதைச் சொன்னபோது கிருபன் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது.

கடைசி நாள் மட்டும், ஒரேயடியாக ஊருக்குப் போகிற சந்தோஷத்தில், "போறேன்" என்றிருக்கிறார். பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு வாசலில் நின்ற ஹசன் அலிக்கு அது கேட்டது. ஆள் வெளியே வரவில்லை. கூடம் முழுக்கத் தேடினார்கள், இல்லை. ஓடிப்போய்விட்டதாக மேடம் புகார் கொடுத்தார். டிக்கெட்டையும் பெட்டியையும் செருப்பையும் விட்டுவிட்டு ஒருவன் எங்கே ஓடுவான் என்று யாரும் கேட்கவில்லை.

"ஒரு வார்த்தைதானே தம்பி, சொல்லிட்டுப் போனா என்ன குறைஞ்சிடும்?" என்றார் ஹசன் அலி.

"மரியாதை குறையும், அண்ணை."

இன்று, அந்த வியாழன், கிருபனுக்கு ஊர் லீவு தொடக்கம். மாலை விமானம். போனில் மட்டுமே பார்த்திருந்த எட்டு மாத மகளை நாளை யாழ்ப்பாணத்தில் தூக்கப் போகிறான். ஹசன் அலி காரோடு வெளியே நிற்க, அவன் கடைசித் தண்ணீரை ஊற்ற உள்ளே போனான்.

ஏசியின் ஒரே சீரான முனகலுக்குக் கீழே எங்கோ ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. நனைந்த மண் வாசனைக்குள், யாரோ இப்போதுதான் நெற்றியில் தடவியதுபோல் கோடாலித் தைலத்தின் நெடி. எப்போதும் கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருக்கும் உள்ளங்கை அகல இலைகளெல்லாம் இன்று கதவைப் பார்த்து, ஓரம் மடிந்து, குழிந்து நின்றன. சரியாகக் கேட்காதவர்கள் காதுக்குப் பின்னால் கை வைப்பார்களே, அப்படி.

கிருபன் வாளியை வைத்தான். வேண்டுமென்றே உரக்கச் சொன்னான்.

"நான் போறன்."

ஏசி நின்றது.

கிருபன் திருப்பியபோது கைப்பிடி திரும்பியது. கதவு திறக்கவில்லை. கண்ணாடியில் ஓங்கித் தட்டினான். ஹசன் அலி வந்தார். கண்ணுக்கு மேல் கை வைத்து உள்ளே பார்த்தார். கிருபனின் முகத்துக்கு நேரே. ஒரு சாண் தூரம். கிருபன் கத்தினான். அவர் பார்வை அவனைத் தாண்டிச் செடிகளைத் தேடியது. உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்றும் இப்படித்தான் தேடியிருப்பார்கள்.

குதிகாலில் ஏதோ பட்டது. குளிர்ச்சி. வேர் அளவு தடிப்பு.

அவன் செடிகள் பக்கம் திரும்பி நின்றான். யாருக்கும் கேட்காத குரலில், "போயிட்டு வாறன்" என்றான்.

கதவு தானாக ஒரு கை அகலம் திறந்தது. வெயில். கார் ஹாரன்.

மூலைத் தொட்டியிலிருந்து மதுரைப் பேச்சில் ஒரு குரல், களைத்துப்போய்க் கேட்டது.

"எந்தத் தேதி?"

இலைகள் எல்லாம் அவன் பக்கம் குனிந்தன. திரும்பி வரும் தேதியைக் கிருபன் மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். மூலைத் தொட்டியின் இலைகளுக்கு அடியிலிருந்து, நகத்தில் மண் அப்பிய ஒரு விரல் நீண்டு, அதை ஈர மண்ணில் எழுதிக்கொண்டது.