நீலமானால் மறியல்!

“ஐயோ... மாதாவே! ஓடி வாங்கோ...!”

அதிபரின் அறையிலிருந்து வெடித்தது அந்த அலறல்.

கிளார்க் செலீனாவின் குரல்!

ஆய்வுகூடத்தில் பரீட்சைக்கு மேசை அடுக்கிக்கொண்டிருந்த அன்ரோனெற் டீச்சர், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அதிபர் செல்வநாயகம் கதிரைக்கும் மேசைக்கும் நடுவே குப்புறக் கிடந்தார். பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை உருண்டு கிடந்தது.

மேசை மேல்... ஒரு சோடாப் போத்தல். பாதி காலி. அதன் மேல் கறுப்பு மையில் ‘ஈ’ என்று ஓர் எழுத்து.

அவளுடைய கையெழுத்து!

பத்தாம் தர இரசாயனச் செய்முறைப் பரீட்சைக்காக, அன்று காலை அவளே ‘அ, ஆ, இ, ஈ’ என்று எழுதித் தயாரித்து வைத்த நாலு போத்தல்களில் நாலாவது. காலைப் பிரார்த்தனைக்குப் போய் வந்து பார்த்தபோது மேசையில் மூன்றுதான் இருந்தன. நாலாவதைத்தான் இவ்வளவு நேரமும் தேடிக்கொண்டிருந்தாள்.

அது இங்கே...!

அவள் முழந்தாளில் விழுந்து அதிபரின் முகத்தைத் திருப்பினாள். மூக்கடியில் விரலை வைத்தாள்.

“மூச்சு இருக்கு! ஆம்புலன்சுக்கு அடியுங்கோ செலீனா... கெதியா!”

பின்னாலிருந்து ஒரு குரல் நிதானமாகக் கேட்டது.

“இது உங்கட போத்தல்தானே டீச்சர்?”

பிரதி அதிபர் அமிர்தநாயகம்!

“என்ரதான் சேர்...” என்றாள் அன்ரோனெற்.

ஆம்புலன்ஸ் அதிபரை ஏற்றிக்கொண்டு பறந்தது. அது போன அதே வாசலால் பொலிஸ் ஜீப் உள்ளே வந்தது. இறங்கியவர் சப் இன்ஸ்பெக்டர் றிஸ்வி. ஒரு கான்ஸ்டபிளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நேரே அவளிடம் வந்தார்.

“டீச்சர்... நேற்று அதிபரோட சண்டை பிடிச்சனீங்களாம்?”

“...ஓம்.”

“என்னத்துக்கு?”

“என்னைக் கொண்டச்சிப் பக்கம் மாத்தச் சொல்லி எழுதிப் போட்டார் சேர். எனக்கு எட்டு மாசக் கைக்குழந்தை. மனுசன் கடலுக்குப் போறவர். அவ்வளவு தூரம் நான் எப்பிடிப் போய் வாறது?”

“அதுக்கு என்ன சொன்னனீங்கள்?”



அமிர்தநாயகம் முந்திக்கொண்டார். “‘என்ர பிள்ளைக்கு ஏதும் நடந்தா உங்களைச் சும்மா விடமாட்டன்’ எண்டு கத்தினவ. முழு ஸ்டாஃபும் கேட்டது சேர்!”

றிஸ்வி போத்தலை உயர்த்திப் பார்த்தார்.

“இதுக்குள்ள என்ன?”

வாசலில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சைக்கு முன் அவர்கள் காதில் விழக்கூடாது. அவள் றிஸ்வியின் குறிப்புப் புத்தகத்தை வாங்கி, அதில் இரண்டே சொற்கள் எழுதிக் கொடுத்தாள்.

எரிசோடாக் கரைசல்.

படித்தவரின் முகம் இறுகியது. “குடிச்சா தொண்டை வெந்து போயிருமே டீச்சர்...!”

“ஓம்.”

“வண்டியில ஏறுங்கோ.”

“சேர்...?”

“போத்தல் கொழும்புக்குப் போகோணும். பகுப்பாய்வு அறிக்கை வர ஒரு மாசமோ, ரெண்டு மாசமோ. அதுவரைக்கும் மறியல்தான், சிறைக்குள்ளதான். நான் என்ன செய்யிறது?”

ரெண்டு மாசம்!

அவளுடைய ஊரான ஓலைத்தொடுவாயில் பக்கத்து வீட்டுப் பர்ஸானாவின் மடியில் குழந்தை கிடக்கிறது. பத்து மணிப் பாலுக்கு இந்நேரம் வீரிட்டு அழும். பால் கட்டி அவளுக்கு நெஞ்சு கனத்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

யோசி அன்ரோனெற்... யோசி!

அதிபரின் முகத்தைத் திருப்பிய அந்தக் கணம் கண்ணுக்குள் வந்தது. உதடு... நாக்கு... மோவாய்...

சட்டென்று நிமிர்ந்தாள்.

“சேர்! அவற்ர வாய் வேகேல்லை!”

“என்ன?”

“நான் எழுதித் தந்ததைக் குடிச்சிருந்தா வாய் வெந்து தோல் உரிஞ்சிருக்கும். அவருக்கு ஒரு சிவப்புக்கூட இல்லை. அந்தப் போத்தலுக்குள்ள இருக்கிறது நான் ஊத்தினது இல்லை!”

“அதைக் கொழும்புதான் சொல்லோணும்.”

“பத்து நிமிசத்தில சொல்லலாம் சேர்! நான் ஊத்தினதெண்டா சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும்!”

“நீங்களோ? சந்தேக நபரே சோதிக்கேலுமா?”

“நான் தொடமாட்டன். இந்தப் பிள்ளையள் செய்யட்டும்! முப்பத்திரண்டு பேர். ஒருத்தருக்கும் எதில என்ன எண்டு தெரியாது. நீங்களே ஊத்துங்கோ, நீங்களே இலக்கம் போடுங்கோ. கையுறை, கண்ணாடி எல்லாம் இருக்கு. இண்டைக்கு அவங்களுக்கு இதுதான் பரீட்சையே!”

அமிர்தநாயகம் சிரித்தார். “சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டை நம்பி ஒரு கேஸா சேர்?”

றிஸ்வி அவரைப் பார்க்கவில்லை. அன்ரோனெற்றையே பார்த்தார்.

“கோட்டில நீதவானுக்கு இது சாட்சி இல்லை டீச்சர்.”

“தெரியும் சேர்.”

“ஆனா என்ர மனசுக்கு ஒரு சாட்சி வேணும்... பத்து நிமிசம்! நீலமாச்செண்டா?”

“நானே ஜீப்பில ஏறுறன்.”

‘ஈ’ போத்தலில் கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை முத்திரையிட்டார் றிஸ்வி. ஆய்வுகூடக் கதவை மூடி, தனியாக நின்று, நாலு திரவங்களையும் முகவைகளில் ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தன் இஷ்டத்துக்கு இலக்கம் போட்டார். எது எது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மணி அடித்தது.

முப்பத்திரண்டு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். கண்ணாடிக் கோலால் ஒரு துளி... சிவப்புத் தாளில். ஒரு துளி... நீலத் தாளில். விடைத்தாளில் மூன்றே சொற்களில் ஒன்று: அமிலம், காரம், நடுநிலை.

மூலையில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தாள் அன்ரோனெற். பக்கத்தில் பெண் கான்ஸ்டபிள்.

அவள் வைத்த நாலில் இரண்டு அமிலம். இரண்டு காரம். நடுநிலை என்று ஒன்றுமே அவள் வைக்கவில்லை.

சிவப்புத் தாள் இரண்டு முகவைகளில் நீலமானால்... முடிந்தது!

வெளியே ஒரு கழுதை கத்தியது. வரிசையில் நின்ற ஒரு பெட்டைப்பிள்ளை திடுக்கிட்டுக் கோலை நழுவ விட்டாள்.

‘கவனம் பிள்ளை...’ என்று வாய்வரை வந்ததை அன்ரோனெற் விழுங்கினாள். பேசினால் அதுவும் அவள் மேல் குற்றம்!

செபமாலையை விரலால் தேடினாள். அது வீட்டில், குழந்தையின் தொட்டிலில்.

பத்து நிமிடம்... பத்து வருடம்!

விடைத்தாள்களை றிஸ்வி வாங்கினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். நெற்றி சுருங்கியது. மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

“ரெண்டாம் முகவை...” என்றார் மெதுவாக. “அதுதான் ‘ஈ’ போத்தல்.”

அன்ரோனெற் கண்ணை மூடிக்கொண்டாள்.

“முப்பத்தொரு பேர் ஒரே விடை. எந்தத் தாளும் நிறம் மாறேல்லை. நடுநிலை!”

அவள் வாங்கைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கேலாது!” அமிர்தநாயகம் பாய்ந்து முன்னுக்கு வந்தார். “பிள்ளையள் பிழையாச் செய்திருக்குதுகள்! அது எரிசோடா! எப்பிடி நிறம் மாறாமல் இருக்கும்?”



றிஸ்வி விடைத்தாள்களை மெல்லக் கீழே வைத்தார்.

“என்ன சொன்னனீங்கள் சேர்?”

“எரி... அது... டீச்சர்தானே சொன்னவ...”

“நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை!” அன்ரோனெற் எழுந்துவிட்டாள். “உங்கட குறிப்புப் புத்தகத்தில எழுதினது மட்டும்தான் சேர். விடை, ஒட்டின உறைக்குள்ள, என்ர மேசை லாச்சியில கிடக்கு!”

பெண் கான்ஸ்டபிள் போய் லாச்சியை இழுத்தாள்.

உறை கிழிந்து கிடந்தது!

அதே நேரம் றிஸ்வியின் போன் அலறியது. ஆஸ்பத்திரியிலிருந்து கான்ஸ்டபிள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“சேர், அதிபர் எழும்பிட்டார்! வயித்துக்குள்ள வெறும் தேத்தண்ணிதானாம். டொக்டர் சிரிக்கிறார்.”

“பிறகு ஏன் விழுந்தவர்?”

“அமிர்தநாயகம் சேர் தேத்தண்ணி கொண்டந்து குடுத்தவராம். குடிச்சா சப்பெண்டு இருந்துதாம். நிமிர்ந்து பார்த்தா மேசையில ஆய்வுகூடப் போத்தல்! நஞ்சு குடிச்சிட்டன் எண்டு பயத்தில மயங்கிட்டார் சேர்!”

“பிரதி அதிபருக்கு அவரில என்ன கோபம்?”

“வலயப் பரீட்சைப் பேப்பரை அவர் முதலே தன்ர டியூசன் பிள்ளையளுக்குக் குடுத்ததை அதிபர் கண்டுபிடிச்சவராம். இண்டைக்குக் கல்விக் கந்தோருக்கு அறிவிக்க இருந்தவராம்.”

அமிர்தநாயகம் கதவைப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு பொலிஸ்காரர்கள்.

“வேலை போயிடும் சேர்...” அவருடைய குரல் உடைந்தது. “இருபத்தாறு வருச சேவை... டீச்சர் சண்டை பிடிச்சவதானே, பழி அவவில போகும் எண்டு... போத்தலில பாதியைத் தேத்தண்ணிக்குள்ள ஊத்தினனான்... சத்தியமா நான் ஊத்தினது எரிசோடாதான் சேர்! அது எப்பிடித் தண்ணியாச்சு?”

அதுதான் அன்ரோனெற்றின் தலையையும் குடைந்தது. காலையில் அவள் கரைத்தது எரிசோடா. அவர் ஊற்றியது தண்ணீர். இடையில் யார்?

பின் வரிசையில் ஒரு விசும்பல்.

வேணுஜா! முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

“நான்தான் டீச்சர்... பிரார்த்தனைக்கு முதல் ஓடிவந்து... ‘ஈ’ போத்தலைத் தொட்டிக்குள்ள ஊத்திப்போட்டு... பைப் தண்ணி நிரப்பினனான்...”

“ஏனடி?”

“நாலுக்கும் நான் படிக்கேல்லை டீச்சர்... ஒண்டிலயாவது விடை தெரிஞ்சிருக்கட்டும் எண்டு...”



அன்ரோனெற் போய் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அடக்கி வைத்திருந்த அழுகை முழுவதும் அந்தப் பிள்ளையின் தோளில் கொட்டியது.

றிஸ்வி கட்டிலிருந்து ஒரு விடைத்தாளை உருவினார்.

“டீச்சர்... முப்பத்தொரு பேர் சரி எண்டு சொன்னனான். முப்பத்திரண்டாவது ஆளைச் சொல்லேல்லை. நாலாவது எழுத்து நாலாம் முகவை எண்டு நினைச்சு, நாலுக்கு ‘நடுநிலை’ எழுதி வைச்சிருக்கிறா உங்கட வேணுஜா. அது நல்ல வினாகிரி! மற்ற மூண்டும் பிழை.”

வேணுஜா இன்னும் பலமாக அழுதாள்.

“ஒரு கொலையைத் தடுத்த பிள்ளை டீச்சர். பொலிஸ் கேஸில இருந்து நான் விட்டிடுறன். நீங்கள்?”

அன்ரோனெற் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பேனையை எடுத்தாள்.

“நீங்கள் விடலாம் சேர். நான் விட்டா அது இந்தத் தாளுக்கு முட்டை போட்ட பிறகுதான்!”