கொசுறாக வந்த நத்தை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைகளும் கண்களும் மூடிக்கொள்ளும் நேரம். சன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்த ஆர்கிரோ, மீன்தொட்டியின் கண்ணாடியில் ஒரு மிளகு ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். தட்டிவிடக் கை நீட்டினாள். மிளகு உள்பக்கம் இருந்தது. நகர்ந்தது.

நத்தை! அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஹெராக்லியோன் நகரச் சந்தையில் அவளும் கணவன் மினாசும் விற்பதே நத்தைதானே. மழைக்கு மலையோரம் கிளம்பி வருவதைப் பொறுக்கிப் பிரம்புக் கூடையில் போட்டு, மாவும் மக்ரோனியும் தைம் என்ற வாசனைத் தழையும் மட்டும் தின்னக் கொடுத்து, மூடிமேல் ஒரு தட்டைக்கல்லை ஏற்றி வைத்துவிட்டால், வயிற்று மண்ணெல்லாம் கழிந்து சரக்கு சுத்தமாகிவிடும். வாங்க வருகிறவர்கள் மூடியை லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்து, "சுத்தமாயிடுச்சா?" என்பார்கள். அப்புறம் உயிரோடு, உப்பு தூவிய சூடான சட்டிக்கு.

தொட்டியை வாங்கியது வளர்ப்புமீன் விற்கும் பந்தேலிஸ் கடையில். பேரம் முடிந்து கை குலுக்கிய பிறகும் கொசுறு வாங்காமல் ஆர்கிரோ படியிறங்கியதாகச் சந்தையில் சரித்திரம் இல்லை. மூலையில் ஒரு வாளியில் மிதந்த செடியைக் காட்டி, "அதையும் சேத்துப் போடு" என்றிருந்தாள்.

"அது வேணாம்க்கா. எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

"ஓசி மாட்டுக்குப் பல்லு பாப்பாங்களா? போடுடா."

அந்தச் செடியில்தான் வந்திருக்கும். கட்டைவிரலால் நத்தையைக் கண்ணாடியோடு அழுத்தினாள். 'டிக்' என்றது. தொட்டியின் மறுமூலையிலிருந்தும் ஒரு 'டிக்' கேட்டதுபோல இருந்தது.

மறுநாள் கண்ணாடி முழுக்க மிளகு. கீரை இலையைத் தண்ணீரில் தொங்கவிட்டால் எல்லாம் அதில் வந்து மொய்க்கும், இலையோடு தூக்கி எறிந்துவிடலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். தொங்கவிட்டாள். தூக்கி எறிந்தாள். எறிய எறியப் பெருகின. மிளகு கடலையாயிற்று, கடலை ஆலிவ் காயாயிற்று. மீன்கள் செடிக்குப் பின்னால் ஒதுங்கின. பிறகு செடிக்குப் பின்னாலும் இல்லை.

பந்தேலிசைப் பிடித்து உலுக்கினாள்.

"நத்தை சும்மா பெருகாதுக்கா. தீனி மிஞ்சினாத்தான் பெருகும். கொஞ்சமாப் போடுங்க."

"நானாடா அதிகமாப் போடுறவ? குங்குமப்பூ மாதிரிக் கிள்ளித்தான் போடுறேன்."

பந்தேலிஸ் தலையைச் சொறிந்தான். "அப்ப வேற யாரோ போடுறாங்க."

வீட்டில் வேறு யார்? மினாஸ். விலை சொன்னவன் முகம் வாடினால் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டு வருகிற மினாஸ்.

"தொட்டிக்குள்ள ஏதாவது போடுறியா?"

"நானா? நான் அந்தப் பக்கமே போறதில்ல, கண்ணு."

அவன் சட்டையின் கைநுனி நனைந்திருந்தது. கை கழுவியிருப்பான் என்று விட்டுவிட்டாள். சந்தையில் ஒருவனையும் நம்பாதவள் நம்புவதற்கென்று வீட்டில் ஒருவனை வைத்திருந்தாள்.

அந்த வாரமே அவன் சொன்னான்: "உன் முகமே சரியில்ல. வயித்துக்கு ஒத்துக்கல போல. படு. கடைய நான் பாத்துக்கறேன்."

அப்படிச் சீக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து பால்கூடக் காய்ச்சித் தராதவன் தட்டேந்தி வந்து நிற்கும்போது சீக்காகிவிடுவது சுலபம். எண்ணெய் இல்லாமல், சீஸ் இல்லாமல், வெறுமனே வேகவைத்த மக்ரோனி. வேளாவேளைக்கு அதுவே. "லேசா இருக்கட்டும்" என்றான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கை சில்லென்று இருந்தது. விரலிடுக்கில் பாசி வாடை. ஆர்கிரோவுக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்டவனை இத்தனை காலம் ஏசிவிட்டோமே என்று.

ஒரு மதியம் படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. இருட்டடித்த கூடத்தில் தொட்டி விளக்கு மட்டும் பச்சையாக எரிய, அங்கிருந்து வந்த சத்தத்தை முதலில் அவள் மழைத்தூறல் என்று நினைத்தாள், பிறகு யாரோ காகிதத்தை நகத்தால் சுரண்டுவது என்று நினைத்தாள், கடைசியில் அது கண்ணாடியைத் தேய்க்கும் எண்ணற்ற வாய்களின் சத்தம் என்று புரிந்தபோது, அதற்கு நடுவே ஒரு மனிதக் குரலும் முணுமுணுப்பது காதில் விழுந்தது.

மினாஸ் தொட்டி முன்னால் முட்டி போட்டிருந்தான். முழங்கை வரை கை தண்ணீருக்குள். வால்நட் அளவு நத்தைகள் அந்தக் கை முழுவதும். அவன் பேசினான். நிறுத்தினான். கவனித்துக் கேட்டான். இல்லை என்று தலையாட்டினான். மறுபடி பேசினான்.

சந்தையில் வளர்ந்தவளுக்கு அந்தத் தாளம் தெரியாதா?

பேரம்.

எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தாள். அப்படியே தூங்கியும் போனாள்.

கண் விழித்தபோது கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் தட்டு. மக்ரோனி. அதன்மேல் இன்றைக்குப் புதிதாக, வேகாத மாவு தூவியிருந்தது. ஓரத்தில் ஒரு கிளை தைம்.

கரண்டியை எடுத்தாள். வாசனை மூக்கில் ஏறியது.

இது சமையலறை வாசனை இல்லை.

கடை வாசனை. கூடை வாசனை.

கரண்டி விழுந்தது. எழுந்து போய்க் கதவின் கைப்பிடியைத் திருகினாள். திரும்பியது. கதவு திறக்கவில்லை. வெளியே ஏதோ கனமாக. தரையில் கல் இழுபடும் சத்தம். ஒன்று. அதன்மேல் இன்னொன்று. தட்டைக்கல். அவளே பொறுக்கி எடுத்த கல்.

"மினாஸ்! கதவத் திற!"

"கத்தாத, கண்ணு. வயிறு கலங்கும்."

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

பதில் வந்தது. கதவோடு உதடு ஒட்டியதுபோல, மிக அருகில்:

"நானும் பேசிப் பாத்தேன், ஆர்கிரோ. உன்ன மாதிரி எனக்கு வருமா? ரெண்டு பேரும் வேணும்னுச்சுங்க. அடிச்சுப் பேசி ஒண்ணாக் குறைச்சேன்."

அவன் குரலில் கூச்சம் கலந்த ஒரு பெருமை இருந்தது. வாழ்நாளில் அவன் முடித்த முதல் பேரம்.

காலடிகள் விலகின. வாசற்கதவு மூடிக்கொண்டது. கடை திறக்கிற நேரம்.

கூடத்தில் சுரண்டல் நின்றது.

அமைதி.

ஈரமாக ஏதோ தரையில் விழுந்தது. தொப். மறுபடி. தொப். தொப்.

கட்டிலில் ஏறி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். வயிறு காலியாக இருந்தது. லேசாக. சுத்தமாக.

சாவித்துளை இருண்டது.

அதன் வழியே ஈரமான ஒரு கொம்பு நீண்டது. பிறகு இன்னொன்று. இரண்டு நுனிகளும் அறையைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்து, அவள்மேல் வந்து நின்றன. கூடை மூடியைத் தூக்கி எட்டிப் பார்க்கிற வாடிக்கையாளரைப் போல.