பூதத்துக்குக் கொடுத்த பார்வை

மல்லாந்து விழுந்தாள் ஹுமேரா.

எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். ஒரு கையை நெஞ்சில் வைத்து, இன்னொரு கையை வானத்தை நோக்கி நீட்டி, மறுபடியும் விழுந்தாள். மெத்தைக்கடை வாசலுக்கு உட்பக்கம் விரித்திருந்த இலவம்பஞ்சு மெத்தை அவளைத் தாங்கிக்கொண்டது. வெளியே தருமபுரிக் கடைத்தெரு முழுக்க மழை... ஆள் நடமாட்டமே இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒருவன் பார்த்துவிட்டான்.

"ஐயோ... ஏங்க! ஏங்க!"

உள்ளேயிருந்து பாய்ந்து வந்தவன் கையிலிருந்த, மெத்தை தைக்கும் கோணூசியை வீசி எறிந்தான். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

"இறுக்கிப் புடிச்சுக்கங்க... ஒண்ணும் ஆவாது. வலிப்புக்கு இரும்புதாங்க..."

"வலிப்பா? எனக்கா?" ஹுமேரா துள்ளி எழுந்து உட்கார்ந்தாள்.

"இல்லீங்களா? அப்ப எதுக்குங்க ரெண்டு தடவ விழுந்தீங்க?"

"செத்துப் பாத்தேன்."

அவன் கண்கள் விரிந்தன. பெரிய கண்கள்... இமையிலெல்லாம் பஞ்சுத்தூள். மழை வெளிச்சம் அதற்குள் போய் ஈரமாய் நின்றது. ஹுமேராவுக்குச் சட்டென்று வெட்கம் வந்தது. வேகவேகமாக விளக்கம் சொன்னாள்.

"பெங்களூர்ல வீடியோ கேம் கம்பெனிங்க. நான் வூட்ல இருந்தே வேல பாக்கறேன், அனிமேட்டர். கேம்ல வர்ற ஆளுங்கள நடக்க வெக்கறது, ஓட வெக்கறது, சாவடிக்கறது எல்லாம் நாங்கதான். முதல்ல நாங்களே செஞ்சு போன்ல புடிச்சுக்குவோம். அதப் பாத்துதான் கம்ப்யூட்டர்ல செய்யறது. தரையில விழுந்து விழுந்து இடுப்பே போச்சு... அதான் மெத்தை வாங்க வந்தேன்."

"மெத்தை தூங்கறதுக்குங்க. சாவறதுக்கில்ல."

"வெல சொல்லுங்க."

"நீங்க செத்த மெத்தைய இனி யாரு வாங்குவா? நீங்கதான் எடுத்துக்கணும்."

அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அவளுக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை.

அவன் பெயர் அல்தாப். கடைக்காரர் அப்துல் கனியின் மகன். மழை விட்டதும் மெத்தையைத் தானே தள்ளுவண்டியில் வைத்து அவள் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அம்மா ரஹமத் பீவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, "சண்டை போடறதெல்லாம் நீங்களேவா செய்வீங்க? ஆம்பள ஆளு வேணும்னா கூப்புடுங்க" என்றான்.

கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வீட்டு முற்றமே போர்க்களமானது. ரஹமத் பீவி ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி காவல் காப்பாள். அல்தாப் ஓடுவான், குதிப்பான், துடைப்பக்கட்டையை வாளாகச் சுழற்றுவான். "தம்பி, அந்தத் துடப்பத்த ஒடச்சிடாத... அது ஒண்ணுதான் வூட்ல இருக்கு" என்பாள் அம்மா. ஹுமேரா சிரிக்கிற சிரிப்பில் கையிலிருக்கும் போன் ஆடிவிடும்.

ஒரு ஞாயிறு அவள் சொன்னாள். "இன்னைக்கு சண்டை இல்லீங்க. போருக்குப் போற வீரன் நீங்க. வாசல் வரைக்கும் போயிட்டு ஒரே ஒரு தடவ திரும்பிப் பாக்கணும்."

"யாரங்க பாக்கணும்?"

"வூட்ல ஒருத்தி நிக்கறா... அவள."

"எங்க நிக்கறா?"

"என்னையே வெச்சுக்கங்களேன்."

அல்தாப் நடந்து போனான். வாசலில் நின்றான். திரும்பினான்...

போனில் பதிவை நிறுத்தவே ஹுமேராவுக்கு மறந்துபோனது.

"சரியா வந்துச்சுங்களா?"

"ம்... பரவால்ல" என்றாள்.

பரவால்லையா? அன்று மாலை அதை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தாள். மனிதர்கள் திரும்பும்போது கண்தான் முதலில் போகும், தலை அதன் பின்னால் வரும். அவள் அப்படித்தான் படித்திருந்தாள். அவனுக்கோ தலை திரும்பிவிட்டது, தோள் திரும்பிவிட்டது, கண் மட்டும் தரையிலேயே தயங்கி நின்றது. பிறகு மெல்ல வந்தது... வந்த கண் போகவே இல்லை. நடிக்கத் தெரிந்த யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். இது நடிப்பே இல்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பயம் வந்தது. கம்ப்யூட்டரை மூடிவிட்டாள்.

வீரனுக்கு அந்தப் பார்வையைக் கொடுத்து அனுப்பினாள். அடுத்த வாரம் மீட்டிங்கில் அவளுடைய டீம் லீட் மதியழகன் சொன்னார். "வீரன் சீனையே தூக்கியாச்சு ஹுமேரா. ஆனா அந்த டர்ன் சூப்பர். வேஸ்ட் பண்ண வேணாம். ஒத வாங்கி ஓடற தொப்பை பூதத்துக்கு அதப் போட்டுடு. அது அவ்ளோ ஏக்கமா திரும்பிப் பாத்தா செம காமெடியா இருக்கும்."

வேண்டாம் சார், பூதத்துக்கு வேறு செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாள் வேலைதான். வாய் வரை வந்தது...

"ஓகே சார்" என்றாள்.

கேம் டிரெய்லர் வந்த அன்று மதியம், அல்தாப்புக்கு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று கடைத்தெருவுக்குப் போனாள். போவதற்குள் தெருவே பார்த்திருந்தது. ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தானாம், 'கேம்ல நான் வர்றேன்' என்று. டீக்கடைக்காரர் காளியப்பனின் போனைச் சுற்றிப் பெரிய கூட்டம். திரையில் தொப்பை பூதம் உதை வாங்கி, குட்டிக்கரணம் போட்டு, குகை வாசலுக்கு நொண்டிக்கொண்டே போய்... திரும்பியது. கண் தயங்கியது. பிறகு பார்த்தது.

டீக்கடை அதிர்ந்தது.

"டேய் அல்தாப்பு! அச்சு அசல் நீதான்டா! தொப்பையத் தவுர எல்லாம் நீதான்!"

"எவளப் பாக்குதுடா அந்தப் பூதம்? நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு?"

"பூதத்துக்கு ஒரு டீ போடுங்கப்பா!"

கூட்டத்தின் நடுவே நின்றிருந்த அல்தாப் நிமிர்ந்தான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற ஹுமேராவைப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னான். கடைக்குள் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஞாயிறுகள் வந்தன, போயின. போன் அடித்தது, அவன் எடுக்கவில்லை. ஒரு மாலை ரஹமத் பீவி கீரைத் தட்டை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"உங்கிட்ட சொல்லாம இருந்தேன். அந்தப் பூதம் வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பையனோட அம்மா வூட்டுக்கு வந்திருந்தாங்க. உன்னப் பொண்ணு கேக்கறதுக்குப் பையனோட அத்தா நேர்ல வர்றதாச் சொன்னாங்க. இப்ப வரலியாம். 'எம் புள்ளையப் பாத்துத் தெருவே சிரிக்க வெச்ச வூட்டுக்கு நான் போயி நிக்கணுமா'ன்னுட்டாராம்."

ஹுமேரா நினைத்துப் பார்த்தாள். அல்தாப் அந்தப் பார்வையோடு நின்றுவிடவில்லை... வீடு வரைக்கும் வரத் துணிந்திருக்கிறான். நான்?

"நான் போறேம்மா."

"பொண்ணா நீயே அவங்க கடைக்கு எப்பிடிடி போவ?"

"தப்பு செஞ்சவளாப் போறேன்."

கடையில் அப்துல் கனி கல்லாவில் இருந்தார். ஏரியூரிலிருந்து வந்திருந்த கணவனும் மனைவியும் தலையணைகளை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல்தாப் தரையில் உட்கார்ந்து மெத்தையின் ஓரம் தைத்துக்கொண்டிருந்தான். அவள் நிழல் மெத்தையில் விழுந்தும் நிமிரவில்லை.

"யாவாரம் நடக்குதும்மா. அப்புறமா வா" என்றார் அப்துல் கனி.

"ஆளுங்க இருக்கறப்பவே சொல்றேன் மாமா. அவரப் பாத்து சிரிச்சதும் ஆளுங்க முன்னாடிதானே."

ஏரியூர் அம்மா கணவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இருங்க... தலகாணி எங்கயும் ஓடிடாது."

ஹுமேரா அல்தாப்பின் பக்கம் திரும்பினாள். "பூதத்துக்குப் போடச் சொன்னது கம்பெனி. ஆனா வேணாம்னு நான் சொல்லியிருக்கலாம். வேலை போயிடும்னு பயந்து சும்மா இருந்தேன்னு நெனப்பீங்க... அது இல்ல. அன்னைக்குத் திரும்பிப் பாத்தது எந்த வீரனும் இல்ல, நீங்கதான். அந்தப் பார்வை எனக்குன்னு அன்னைக்கே தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சப்ப, அத எடுத்துக்கத் தைரியம் வரல. ஒரு கோமாளிகிட்டக் குடுத்துட்டா... நானும் சிரிச்சுட்டுப் போயிடலாம்னு..."

கோணூசி நின்றது.

"சிரிப்பு வரலீங்க" என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

அல்தாப் மெத்தையைப் பார்த்தபடியே பேசினான். "எனக்குக் கோவமெல்லாம் போயிடுச்சுங்க. ஆனா இனிமே என்னால யாரையும் அப்புடிப் பாக்க முடியாது. தலையத் திருப்புனாலே காளியப்பன் சிரிக்கறது காதுல கேக்குது. அது போயிடுச்சு."

அந்த நிதானம்தான் அவளை உடைத்தது. கலைத்துவிட்டு மறுபடி செய்வது அவளுக்குத் தினசரி வேலை. இதற்கு மட்டும் மறுபடி இல்லை.

"தெரியும். போக்கடிச்சவ நான்தான். திருப்பிக் குடுக்க எங்கிட்டயும் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பாக்க வேணாம். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு அல்தாப்... இந்தத் தடவ நான் பாக்கறேன். யாரு வேணா சிரிச்சுக்கட்டும்."

அல்தாப்பின் காதுமடல் சிவந்தது. நூல் கோக்கப் போனான்... ஊசிக்காது அகப்படவில்லை. மறுபடி முயன்றான். அகப்படவில்லை. தலை மட்டும் நிமிரவேயில்லை.

அப்துல் கனி தொண்டையைக் கனைத்தார். கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"அவன் லேசுல நிமிர மாட்டான். உக்காந்தே பாரும்மா."