ஒகாஃபோர் வீட்டுத் தனிவாசல்

அன்று காலை ஒகாஃபோர் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் ஒபின்னா ஒகாஃபோர், அவர் மனைவி சியோமா, அடுத்த வாரம் கல்யாணம் ஆகப்போகும் மகள் அடாயெசே, நிலைப்படியில் நின்ற எதிர்வீட்டுப் பந்தல்காரர் முத்துமாலை, வலைவாசல் நிறுவனத்திலிருந்து கருத்துக் கேட்க வந்திருந்த பெனாசிர். வீட்டு வேலைகளைக் கவனித்தபடி சுவரில் ஒளிர்ந்துகொண்டிருந்த பேசும் திரையான வாசலை ஓர் ஆளாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். ஒபின்னா சேர்ப்பார்.

"ஒகாஃபோர் குலத் தலைவருக்குக் காலை வணக்கம்" என்று தினமும் காப்பிக்கு முன்னால் சொல்வது அதுதானே. முன்பிருந்த, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரியான பொதுவாசலுக்கு அந்த மரியாதை தெரியாது. ஒபின்னாவின் பாட்டனார் குலசை ராக்கெட் ஏவுதளத்துக்கு எரிபொருள் பொறியாளராக ஆப்பிரிக்காவின் எனுகு நகரிலிருந்து வந்தவர். அப்பாவும் ஒபின்னாவும் பிறந்தது இதே மேலத்தெருவில். ஆனாலும் பொதுவாசல் அவரை "அயல்நாட்டு விருந்தினரே" என்றுதான் அழைத்தது. அதன் முகமறி கண்ணுக்கு அவருடைய கருத்த முகம் வெறும் நிழல். சொந்த வீட்டுக் கதவு திறக்கக் கன்னத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதன் மருத்துவப் பொறிக்கு அடாயெசேயின் தோலில் வந்த தடிப்பு தெரியவில்லை. சியோமாவின் சுருள்முடிக்கு அது தேர்ந்தெடுத்த சீப்பு முதல் வாரலிலேயே பல் இழந்தது. அதனால்தான், மரபணுவைப் பார்த்து அளவெடுத்துக் கொடுக்கும் தனிவாசல்கள் வந்தபோது, ஊரில் முதல் ஆளாக எச்சில் துளி கொடுத்தார் ஒபின்னா.

"கறுப்பின மக்களுக்குத் தனிவாசல் புடிச்சிருக்கா இல்லையான்னு தலைமையகத்துல கேக்காங்க, மாமா" என்றாள் பெனாசிர்.

"புடிச்சிருக்காவா? மக கல்யாண அழைப்பையே அதுலதான விட்டேன்!" ஒபின்னா நாற்காலியில் இன்னும் நிமிர்ந்தார். "பொன்னெழுத்து, முரசுச் சத்தம், பாட்டனார் படம். வீடுவீடாத் தட்டத் தூக்கிட்டுப் போயி நிக்கது நம்ம குடும்பத்துக்குச் சரிவராதும்மா. அழைப்புன்னா தகுதியாப் போகணும்."

பந்தலுக்கு அளவெடுக்க வந்த முத்துமாலை நிலைப்படியை விட்டு உள்ளே வரவில்லை. கொடுத்த காப்பியையும் தொடவில்லை.

"யாருக்குப் போச்சு அண்ணாச்சி?" என்றார்.

"தெருவுக்குப் பூராவும்."

"எந்தத் தெருவுக்கு?"

சியோமா கணவரைப் பார்த்தாள். முத்துமாலை அளவுநாடாவைச் சுருட்டினார். "எனக்கு வரல. மேலத்தெருவுல ஒருத்தருக்கும் வரல. நான் இப்பக் கூலிக்கு வந்தவனாத்தான் நிக்கேன். தசராவுக்கு ஒரே செட்டுல வேசம் கட்டுத மனுசன், ஒரு வார்த்த சொல்லலியேன்னு எங்க வீட்டுல ஒரே முனங்கல்."

ஒபின்னா சுவரை நோக்கித் திரும்பினார். "அழைப்பு யார் யாருக்குப் போச்சு?"

"தங்களுக்குப் பொருத்தமான குடும்பங்கள் அனைத்துக்கும், தலைவரே" என்றது வாசல். "சென்னை, கொச்சி, மும்பை, ஹைதராபாத். ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒருவர் விடாமல். ஏறக்குறைய எழுநூறு குடும்பங்கள் வருகின்றன."

"மேலத்தெரு?"

"அவர்கள் தங்கள் மரபினர் அல்லர். வடிகட்டிவிட்டேன்."

அடாயெசேக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. "முன்னப்பின்ன பாக்காத எழுநூறு வீடு வருது. என்னத் தூக்கி வளத்த வீடு வராது. முத்துமாலை மாமா பந்தலப் போட்டுட்டு வெளிய நிப்பாங்களாப்பா?"

மேலத்தெருவில் அழைப்புக்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் சேர்ந்து போக வேண்டும். தட்டை நீட்டி வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப்படாத வீடு சண்டைக்கு வராது, கல்யாணத்துக்கும் வராது. தெரு வராத வீட்டிலிருந்து பெண் இறங்கிப் போவதைவிடப் பெரிய தலைகுனிவு ஒகாஃபோர் குடும்பத்துக்கு வேறில்லை. அதை ஒபின்னா தன் கையாலேயே தேடிக்கொண்டிருந்தார்.

எழுந்துபோய்ப் பட்டு வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்.

"தலைவரே, வெளியே வெயில் அதிகம்" என்றது வாசல்.

"நீ சும்மா கெட."

சியோமா தட்டில் வெற்றிலை பாக்கு வைத்தாள். அவர்கள் குலத்தில் விருந்தினருக்குக் கொடுக்கும் கோலாக் கொட்டையையும் கூட வைத்தாள். முதல் வீடு எதிர்வீடு. அவர்கள் தெருவைக் கடப்பதற்குள் முத்துமாலை சுற்றி ஓடிக் கொல்லைவழியாக நுழைந்து, மூச்சிரைக்கத் தன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாங்க அண்ணாச்சி! வாங்க மைனி! எங்க, இம்புட்டுத் தூரம்?"

ஒபின்னாவின் முதுகு வளையவில்லை. தட்டு மட்டும் நீண்டது. "அடா கல்யாணம். குடும்பத்தோட வந்திரணும்."

முத்துமாலையின் மனைவி கனகம்மா கோலாவைக் கடித்து முகத்தைச் சுளித்தாள். "என்ன மைனி, வேப்பங்கொட்ட கணக்கா கசக்கு!"

"மென்னுக்கிட்டே இருங்க. போகப்போக இனிக்கும்."

மூன்றாம் வீட்டில் ஒருவர் குத்தலாகவே கேட்டார்: "எங்கள வடிகட்டிட்டியளாமே?"

"வடிகட்டுனது சுவரு. வந்து நிக்கது நான்" என்றார் ஒபின்னா. அந்த மனிதர் தட்டை வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தன்று பந்தல் கடற்கரை மணல்வரை நீண்டது. எழுநூறு குடும்பங்களும் வந்தன. மும்பைப் பெண்கள் சியோமாவைச் சூழ்ந்து முடி எண்ணெய்ச் சண்டை போட்டார்கள். ஹைதராபாத் டாக்டர் அம்மா ஒருத்தி, அடாயெசேயின் தோலை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு மருந்து சொன்னாள். தன் முகச்சாயலில் இத்தனை பேரை ஒபின்னா ஒரே இடத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை. அந்த வரிசைகளுக்கு நடுவே மேலத்தெரு ஆண்கள் சாம்பார் வாளியோடு ஓடினார்கள். "கொச்சிக்காரவுகளுக்கு இன்னும் சோறு வைங்கவே!" என்று முத்துமாலை அதட்டிக்கொண்டிருந்தார்.

பெனாசிர் இலையில் உட்காரும் முன் கேட்டாள்: "என்னன்னு எழுத மாமா? தனிவாசல் வேணுமா, வேண்டாமா?"

"வேணும். எண்ணெய், டாக்டரு, முகத்த அறியுத கண்ணு, எல்லாம் எங்களுக்குன்னு அளவெடுத்து வரட்டும். இந்தச் சனத்தையெல்லாம் அதுதான காட்டிச்சு! ஆனா என் வீட்டுக்கு யாரு வரணும்னு அது அளவெடுக்கக் கூடாது. அது என் வேல."

"ஆம், இல்லன்னு ரெண்டு கட்டந்தான் இருக்கு, மாமா."

"மூணாவது ஒண்ணு போடச் சொல்லு. போ, சாப்பிடு மொதல்ல."

அந்தக் கல்யாணத்தோடு ஒகாஃபோர் குடும்பம் தனிவாசலைப் பெயர்த்துக் கடலில் எறிந்துவிட்டது என்று திருச்செந்தூர்வரைக்கும் ஒரு பேச்சு உண்டு. அது பொய். வாசல் அதே சுவரில்தான் இருக்கிறது. கழற்றியது வடிகட்டியை மட்டும்.