பத்தில் ஒரு பங்கு

"இன்னும் ரெண்டு வாரத்துல கல்யாணம், மாமா. இப்போ போய் நெபோய்ஷா வேனை விக்கிறேங்கிறான். வேன் போனா பிழைப்பு போச்சு. கல்யாணத்தையும் தள்ளி வைக்கணுமாம்." யாஸ்னாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் மிலுட்டின் சுட்ட குடமிளகாய்களின் தோலை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தார். லெஸ்கோவாட்ஸ் நகரம் முழுக்க அந்த வாரம் மிளகாய்ப் புகைதான்.

"வேற ஒருத்தி இருக்கா! பணம் அங்கதான் போயிருக்கு," என்றாள் அவர் மனைவி தெசாங்கா உற்சாகமாக.

"அத்தை!"

"தெசாங்கா, அவளைச் சொல்ல விடு."

யாஸ்னா சொன்னாள். அவள் மணக்கவிருந்த நெபோய்ஷாவும் நண்பர்களும் பணம் சேர்த்துக் கால்பந்துப் பந்தயம் கட்டிவந்தார்கள். அணியைத் தேர்ந்தெடுப்பது நெபோய்ஷா. பணம் இருந்த தகர டப்பாவை வைத்திருந்ததும், சனிக்கிழமைதோறும் பந்தயக் கடையில் கட்டியதும் ரதோயே. அவர்கள் கல்யாணத்தில் சாட்சியாக நிற்கப்போகும், சொந்தத்துக்கும் மேலாக மதிக்கப்படும் 'கூம்' அவர்தான். டப்பாவில் அன்றைக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே கட்டலாம் என்பது விதி. தொடர்ந்து எட்டு வாரம் தோல்வி. இப்போது டப்பா காலி.

"'தப்பான அணியைச் சொன்னது நான், பணத்தை நான்தான் திருப்பணும்'னு ஒரே பிடிவாதம்."

"டப்பாவை யாருமே எண்ணிப் பார்க்கலையா?" என்றார் மிலுட்டின்.

"கூம்கிட்டப் போய்க் கணக்குக் கேக்கறதா? நல்லா இருக்கு! ரதோயேயும் பாவம், இடிஞ்சு போயிருக்கார். வெள்ளிக்கிழமையானா என் பத்திரிகைக் கடைக்கு வந்து கசங்கின சின்ன நோட்டா நீட்டி, பெரிய நோட்டு வாங்கிட்டுப் போவார். முதல்ல ஆயிரம், அப்புறம் ரெண்டாயிரம், கடைசியா ஐயாயிரம் நோட்டுகள். 'எல்லாம் சரியாயிடும்மா'ன்னு எனக்கே ஆறுதல் சொல்வார்."

மிலுட்டினின் கை நின்றது. "ரெண்டு பேரையும் சாயங்காலம் வரச் சொல்லு."

ரதோயேயோடு வந்த நெபோய்ஷா வேன் சாவியை மேசையில் வைத்தான். "வாங்கறவன் ஏழு மணிக்கு வரான். சீக்கிரம் முடிங்க, மாமா."

"விதிப்படிதான் கட்டினியா, ரதோயே?" என்று கேட்டார் மிலுட்டின்.

"சத்தியமா. அதிர்ஷ்டம் இல்ல, தீர்ந்துபோச்சு."

மிலுட்டின் மிளகாய்ச் சட்டியை அவர் பக்கம் தள்ளினார். "இதுல பத்துல ஒரு பங்கை எடு. மிச்சத்துல மறுபடியும் பத்துல ஒண்ணு. எட்டு தடவை எடுத்தாலும் பாதிக்குக் கிட்ட மிஞ்சும். விதிப்படி தோத்திருந்தா டப்பா காலியாகியிருக்காது."

"அப்போ திருடிட்டாரா?" தெசாங்கா எழுந்தேவிட்டாள்.

"உக்காரு. திருடறவன் எதுக்கு வெள்ளிக்கிழமைதோறும் நோட்டு மாத்தணும்? விதிப்படி தோக்கறவன் கட்டுற பணம் வாராவாரம் குறையும். அவனுக்குச் சில்லறைதான் வேணும். இவனுக்குப் பெரிய நோட்டுல்ல தேவைப்பட்டிருக்கு! விட்டதைப் பிடிக்க வாராவாரம் கூட்டிக் கூட்டிக் கட்டியிருக்கான்."

ரதோயே தலைகுனிந்தார். "ஒரே ஒரு தடவை ஜெயிச்சிருந்தா எல்லாம் திரும்பியிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா, கூம்?" நெபோய்ஷா அவர் பக்கம் திரும்பினான். "தேர்ந்தெடுக்கத் தெரியாத முட்டாள்னு என்னையே திட்டிட்டு இருந்தேன். நீங்க பார்த்துட்டு சும்மா இருந்தீங்க!"

"தோத்தது நீ சொன்ன அணிதானடா..."

"தோத்தாலும் டப்பா காலியாகக் கூடாதுன்னுதானே அந்த விதி!" யாஸ்னா கத்தினாள்.

வாசலில் மணி அடித்தது. வேன் வாங்க வந்தவன்.

ரதோயே சட்டென்று நிமிர்ந்தார். கண்ணில் பழைய பளபளப்பு. "நெபோய்ஷா, வேனை வித்துட்டு அதுல பாதிய எங்கிட்டக் கொடு. இந்தச் சனிக்கிழமை ஒரு ஆட்டம் இருக்கு. தோக்கவே தோக்காது."

யாஸ்னா சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டு மூடினாள்.

"தெசாங்கா அத்தை, வந்தவரைத் திருப்பி அனுப்பிடுங்க," என்றாள். "மிலுட்டின் மாமா, எங்க கல்யாணத்துக்கு நீங்க கூமா வந்து நிக்கணும்."