தேய்மானம்

அக்கா இதையெல்லாம் போனில்தான் சொன்னாள். எந்த வரிசையில் சொன்னாள், எது அவள் சொன்னது, எது பின்னால் நானாகச் சேர்த்துக்கொண்டது என்பது இப்போது எனக்கே உறுதியில்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டே பாதிக்கு 'ம்' கொட்டியிருக்கிறேன். இதில் ஏதாவது தவறு இருந்தால் அது என்னுடையது.

முதலில் அவள் கண்ணில் பட்டது அந்தக் கை.

அக்காவுக்கு நகராட்சியில் சிலைகளைப் பராமரிக்கும் வேலை. வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு சிலையையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, மெழுகு பூசி, பிரஷ்ஷால் தேய்த்துவிடுவாள். அவள் வீட்டு ஜன்னலுக்கு நேரே, நாற்சந்தியில் ஒரு வெண்கலப் பெண் நின்றாள். தலைவியும் இல்லை, வீராங்கனையும் இல்லை. யாரையோ சாலை தாண்டக் கூப்பிடுவது போல வலது கையை நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரணப் பெண். அந்த வட்டாரத்தில் அவளுக்குக் 'கைக்காரி' என்று பெயர். வேலைக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் அந்த உள்ளங்கையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளும் தொடுவார்கள். ஊரை விட்டே போகிறவர்கள் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாற்பது வருடப் பழக்கம். உடம்பு முழுக்கக் கறுத்திருந்தாலும் உள்ளங்கை மட்டும் பொன்னாக மின்னும்.

தொட்டுத் தொட்டு விரல்கள் தேய்ந்தன. அக்கா அளந்து பார்த்தாள். நகங்கள் மறைந்து, ஆள்காட்டி விரல் நுனி மெலிந்துவிட்டிருந்தது. 'பொதுமக்கள் தொடுவதைத் தடுக்க வேண்டும்' என்று அறிக்கை எழுதினாள். மேலிடம் அபூர்வமாக ஒரு அறிக்கையைப் படித்தது. ஆள் உயர இரும்பு வேலி வந்தது, பூட்டோடு. சாவி அக்காவிடம் இருந்தது.

வெண்கலத்தை யாரும் தொடாவிட்டால் சில மாதங்களில் மங்கிக் கறுத்துவிடும். எட்டு மாதம் கழித்து அக்கா பூட்டைத் திறந்து உள்ளே போனபோது, பூட்டில் துரு ஏறியிருந்தது, பீடத்தைச் சுற்றிப் புல் முழங்கால் வரை வளர்ந்து மிதிபடாமல் நின்றது, தோள்மடிப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உள்ளங்கை மட்டும் மின்னியது. முன்னைவிட அதிகமாக.

"எவனாவது வேலி ஏறிக் குதிச்சிருப்பான்க்கா" என்றேன் நான்.

"குதிச்சவன் புல்லை மிதிக்காம பறந்தா போனான்?"

அந்த வாரமே அலுவலக வருகைப் பதிவுக் கருவி அவள் கட்டைவிரலை ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள். எச்சில் தொட்டு வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. மேற்பார்வையாளர் அவள் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ரேகையே இல்ல? சோப்பு போட்டுத் தலையெழுத்தையும் சேர்த்து அழிச்சிட்டீங்களா?"

"மெழுகுல கலக்குற டர்பன்டைன் சார். தோல் உரிஞ்சிருக்கும்."

"உரிஞ்ச மாதிரி இல்லையே. பாலிஷ் போட்ட மாதிரில்ல இருக்கு."

அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்களில் மட்டுமில்லை. உள்ளங்கையின் கோடுகளும் மழுங்கி, நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம். வலிக்கவில்லை. அதில் விரலை வைத்தால் விரல் வழுக்கியது.

அத்தான் இறந்து ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. அதிகாலையில் வேலைக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி வரை தூங்குவது அவள் வழக்கம். அந்த நேரத்தில் கட்டடமே காலியாக இருக்கும். எல்லோரும் வேலையில். குழாயில் காற்று ஏறும் சத்தம், மூடாத ஜன்னல் ஒன்று எங்கோ இடித்துக்கொள்ளும் சத்தம், திரைச்சீலை வழியே வடிந்து சுவரில் மெல்ல நகரும் மஞ்சள் வெயில், இவற்றுக்கு நடுவே படுத்திருக்கும்போது தான் உலகத்தின் கடைசி ஆள் என்று அவளுக்குத் தோன்றுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. "கடைசி ஆளுக்கு எதுக்குக்கா மத்தியானத் தூக்கம்?" என்று கேட்டேன்.

அந்தத் தூக்கத்திலிருந்து எழும்போதெல்லாம் ஒரு வாசனை இருந்தது. நாணயங்களை நெடுநேரம் கையில் பொத்தி வைத்திருந்தால் வருமே, அந்த வாசனை. அதோடு மெழுகும். வேலையின் வாசனை உடம்போடு வந்துவிட்டது என்று குளித்தாள். மறுநாளும் இருந்தது. பிறகு மற்றவை கண்ணில் படத் தொடங்கின. கட்டிலின் இரும்புக் கம்பியில், தலைமாட்டில், பெயின்ட் போய் ஒரு சாண் நீளத்துக்குப் பளபளப்பு. கதவுத் தாழ்ப்பாளில் பளபளப்பு. வலது முன்கையில் முடி இல்லை. மணிக்கட்டு எலும்பின் மேடு குறைந்திருந்தது.

ஒரு பொருளை யார், எங்கே தொடுகிறார்கள் என்று தெரிய அவர்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. மெழுகில் கரி கலந்து மெல்லிசாகப் பூசிவிட்டு வருவார்கள். தொட்ட இடத்தில் கரி இருக்காது. அக்கா அன்று தாழ்ப்பாளிலும் கட்டில் கம்பியிலும் பூசினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் நெற்றியிலும் பூசிக்கொண்டாள். படுத்தாள்.

ஐந்து மணிக்குத் தாழ்ப்பாளிலும் கம்பியிலும் கரி இல்லை. கண்ணாடியைப் பார்த்தாள்.

புருவ நடுவிலிருந்து தலைமுடி வரை நான்கு சுத்தமான கோடுகள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றி வருடிவிடுவது போல. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மெலிந்திருந்தது. ஆள்காட்டி விரல்.

அன்றே போனில் இதைச் சொன்னாள். நான் கேட்டேன்.

"நீயே தூக்கத்துல தடவிக்கிட்டிருப்ப. பயமா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இங்க வந்துடுக்கா."

"நாளைக்கே வரட்டுமா?"

"நாளைக்கா? பரீட்சை முடியட்டுமே. இவரோட அம்மாவும் வந்திருக்காங்க, இடம் பத்தாது. நானே வந்து கூட்டிட்டு வர்றேன்."

"சரி" என்றாள். பிறகு, "அது பாவம்டி. நாற்பது வருஷம் ஊரே தொட்டுச்சு. நான்தான் நிறுத்தினேன்" என்றாள்.

மறுநாள் வேலியை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார். "போடுன்னும் நீங்கதான், எடுன்னும் நீங்கதான். வேலிக்கே விவரம் புரியாம போயிடும்மா." ஆனாலும் நல்ல மனிதர். ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார்.

வேலி எடுத்த காலையில் அக்கா நாற்சந்தியிலேயே நின்றாள். யாராவது தொடுவார்கள், பழையபடி ஆகிவிடும், அது தன்னை விட்டுவிடும். ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை நின்றாள். கூட்டம் கூட்டமாக ஜனம் போனது. பத்து மாதத்தில் கால்கள் வேறு வழி பழகியிருந்தன. வேலி இருந்த இடத்தைச் சுற்றி, இல்லாத கம்பிகளில் இடித்துக்கொள்ளாமல், எல்லோரும் விலகி நடந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் கையை உயர்த்தினாள்.

"தொடாத. அழுக்கு" என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள்.

அக்கா தானே போய் அந்தக் கையைப் பிடித்தாள். வெயில் ஏறிய நேரம். வெண்கலம் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. உள்ளங்கை அவள் உடம்பின் சூட்டில் இருந்தது. கறுத்த உடம்பு முழுவதும் அசையாமல் நிற்க, அந்த ஒரு இடம் மட்டும் அவளுடைய வழவழப்போடு இடைவெளி இல்லாமல் பொருந்தியது. கையை எடுக்கச் சிரமமாக இருந்தது. ஒட்டிக்கொண்டதால் இல்லை. எடுக்க மனம் வரவில்லை.

அன்று மத்தியானம் தாழ்ப்பாளோடு மேலே கீழே கொண்டிகளையும் போட்டாள். நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். படுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

மூன்று மணி. குழாய் அடங்கியது.

படியில் கனம். ஒரு படி. நெடுநேரம். இன்னொரு படி.

கதவுக்கு வெளியே வந்து நின்றது.

தட்டவில்லை. தள்ளவில்லை. கதவிடுக்கில் நிழல். மெழுகு வாசனை. மரத்தின் மேல் எதுவோ மெல்ல, மேலிருந்து கீழாக, மேலிருந்து கீழாக. வருடியது. ஐந்து மணிக்குப் போனது. கதவின் வெளிப்புறத்தில் ஒரு கையளவு வார்னிஷ் இல்லை.

இப்படி நான்கு நாள். ஐந்தாம் நாள் மூன்று மணிக்குச் சற்று முன்னால் போன் செய்தாள். பள்ளியில் பரீட்சைக் கண்காணிப்பு. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"தாழ் போட்டிருக்கியாக்கா?"

"இல்ல. எடுத்துட்டேன்."

"ஏன்?"

"அது உள்ள வந்தாக்கூட தாங்கிக்கலாம்டி. வெளிய நின்னு காத்துக்கிட்டிருக்கே, அதத்தான் தாங்க முடியல. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு." பிறகு, "நீ எப்ப வர்ற?" என்றாள்.

"பரீட்சை முடிஞ்சதும்க்கா. சத்தியமா."

ஒன்பது நாள் கழித்துப் போனேன்.

கதவு திறந்திருந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பின்னலை வைத்துத்தான் அவள் என்று தெரிந்தது. மூக்கு இருந்த இடத்தில் மேடு இல்லை. இமைகள் கன்னத்தோடு சமமாகியிருந்தன. உதடுகள் ஒரு மெல்லிய கீறல். ரத்தம் இல்லை, காயம் இல்லை. ஆற்றுக் கல் போல முகம் முழுவதும் வழவழவென்று தேய்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

நாற்சந்தியை அகலப்படுத்தியபோது சிலையை எடுத்து நகராட்சிக் கிடங்கில் போட்டார்கள். மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுத் தன் மகனோடு இருக்கிறார். அந்த வீட்டில் இப்போது ஒரு தையல்காரர் குடும்பம். என் மாமியார் தன் ஊருக்கே திரும்பிவிட்டார். அக்கா என் வீட்டில், பின்பக்க அறையில் இருக்கிறாள். கீறல் வழியாகக் கஞ்சி இறங்குகிறது. இன்னும் தேய்ந்தால் உயிருக்கு ஆபத்து, யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐந்து வருடமாக யாரும் தொடவில்லை. அறைக்குள் காலடிச் சத்தம் கேட்டால் அவள் முகத்தைச் சற்றே தூக்கி, கன்னத்தை நீட்டுகிறாள். நாங்கள் கையுறையைத் தேடுகிறோம்.